அவசர எண் கட்டம்

எங்கள் சித்தி எழுதுவதை யாரும் ஆசைப்பட்டுப் படிப்பதில்லை. சாஃப்ட்வேரில் எந்தக் கட்டத்தில் என்ன நிரப்ப வேண்டும், நிரப்பாவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கப் பக்கம் எழுதுவது அவள் வேலை. சித்தப்பா முதுகு உடைந்து படுத்ததிலிருந்து எங்கள் மூன்று வயிறும் அந்தப் பக்கங்களை நம்பித்தான்.

எழுதியதை என்னிடம் வாசித்துக் காட்டுவாள்.

"உன் மண்டைல ஏறிச்சுன்னா எவன் மண்டைலயும் ஏறும்டா."

"அப்ப எனக்கும் சம்பளம் போடு சித்தி."

"மூணு வேளையும் கொட்டிக்கிறியே, அது என்னவாம்?"

மருந்து வைக்கும் குளிர்கிடங்குகளுக்கு ஒரு சாஃப்ட்வேர் வந்தது. அதில் 'அவசர எண்' என்று ஒரு கட்டம். குளிர் குறைந்தால் அந்த எண்ணுக்கு போன் போகும். பக்கத்தில் 'விரும்பினால் நிரப்பலாம்' என்று மட்டும் இருந்தது. சித்தி கீழே ஒரு வரி சேர்த்தாள்: 'காலியாக விட்டால் யாருக்கும் போன் போகாது.'

மேனேஜர் அந்த வரியை அடித்துவிட்டார். "வாங்க வர்றவங்கள ஏம்மா பயமுறுத்துறீங்க?"

மறுபடி சேர்த்தாள். மறுபடி அடித்தார். அதற்குப் பிறகு சித்தி வாயை மூடிக்கொண்டாள். வேலை வேண்டுமே.

ஒரு கிடங்குக்காரர் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார். விடுமுறையில் மிஷின் நின்றுபோய், கிடங்கு நிறைய இன்சுலின் பாழ். மேனேஜர் எங்கள் வீட்டுக்கே போன் செய்தார். சித்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அவங்களுக்கு ஒரு விளக்கம் அனுப்பணும்மா. அந்த வரிய சேர்க்க மறந்துட்டேன்னு நீங்களே எழுதிடுங்க."

"நான் மறக்கலையே சார்."

"எனக்குத் தெரியாதா? யாராவது ஒருத்தர் ஒத்துக்கணும்மா. எழுதிட்டா உங்க வேலைக்கு நான் பொறுப்பு. இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

உள்ளே சித்தப்பா தலையணையைத் தூக்கிவைக்கக் கூப்பிட்டார். சித்தி போய் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். இந்தத் தடவை வாசித்துக் காட்டவில்லை. நானே எட்டிப் பார்த்தேன். 'இந்த வரியைச் சேர்க்க நான் மறந்துவிட்டேன். தவறு என்னுடையது.' ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

"பச்சப் பொய் சித்தி. மழுப்பி எழுதித் தொலையேன். அந்தாளு மண்டைய பிச்சிக்கட்டும்."

"மழுப்பினா திருப்பி அனுப்புவாருடா. இன்னொரு வாட்டி என்னால இத எழுத முடியாது."

அனுப்பினாள். உடனே மேனேஜரின் பதில் வந்தது: 'ரொம்பத் தெளிவா இருக்கு.'

இத்தனை வருடத்தில் அந்த ஆள் சித்தியைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அவள் அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.