காதில் விழும் மொழிகள்

காது மிஷின் விற்கும் கடைக்கு யாரும் தானாக வருவதில்லை. ஒரே விஷயத்தை மூன்று தடவை கத்திச் சொல்லித் தொண்டை வறண்ட வீட்டார்தான் இழுத்துக்கொண்டு வருகிறார்கள். அப்படி இழுத்து வந்தவர்களில் நீங்களும் ஒருவர் என்றால், அம்பத்தூரில் பதினோரு வருஷமாக இந்த வேலையில் இருக்கும் என் பாடு உங்களுக்குப் புரியும். மிஷினை மாட்டியதும் சரிபார்க்க நான் ஏதாவது பேசியாக வேண்டும். எந்த மொழியில் பேசுவது என்பதில்தான் எல்லாமே ஆரம்பிக்கும்.

மாடி வீட்டுப் பாட்டு

வெள்ளானூரிலிருந்து வந்தவர் மதுரைக்காரர். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். வரும்போதே ஒரு நிபந்தனை போட்டார். அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் மலையாள நர்ஸ் தினமும் சாயங்காலம் போனில் பேசுவாராம். கொஞ்சம் மலையாளம் தெரிந்தும் வார்த்தை எதுவும் பிடிபடாது, ஆனால் கேட்கக் கேட்கப் பாட்டு மாதிரி இருக்குமாம். "உலகத்திலேயே அழகான பாஷைம்மா அது. மிஷின் அதைக் கெடுத்துடக் கூடாது" என்றார்.

வயதாக ஆக ச, ஸ போன்ற மெல்லிய ஒலிகள்தான் முதலில் காதைவிட்டுப் போகும்; ஏற்ற இறக்கம் மட்டும் மிஞ்சும். அதனால் அவருக்கு ராகம் கேட்டது, சொல் கேட்கவில்லை. அழகு போய்விடுமோ என்று எனக்கும் உள்ளூரப் பயம்தான். பத்து நாள் கழித்து வந்தார். நெல்லூரில் இருக்கும் மகளோடு இப்போது தினமும் போனில் பேசுவதாகச் சொன்னார். மாடி வீடு என்ன ஆச்சு என்றேன்.

"பாட்டுன்னு சொன்னேன்ல, அது வேற ஒண்ணுமில்லம்மா, அவங்க அம்மாட்ட சாப்பிட்டியா, மாத்திரை போட்டியான்னு கேக்குறாங்க."

காரம்

தகடு அடிக்கும் பிரஸ் மிஷின் சத்தத்தில் எட்டு வருஷம் நின்று காது மங்கிப்போனவர் சுசாந்த், ஒடிசாக்காரர். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. எந்த மொழியில் பேசிப் பார்க்கலாம் என்று கேட்டேன். "ஒடியா இனிப்பு, தமிழ் காரம்" என்று சிரித்தார். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. ஆனாலும் எனக்கு ஒடியா தெரியாதே. அதனால் மிஷினை மாட்டிவிட்டு, வழக்கமான குரலில், ஊரில் மழை உண்டா, அம்மா நன்றாக இருக்கிறாரா என்று தமிழிலேயே விசாரித்தேன்.

அவர் இன்னொரு தடவை பேசச் சொல்லிக் கையைக் காட்டினார். பேசினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்த இரைச்சலில் எட்டு வருஷமாக அவரிடம் எல்லோரும் தமிழைக் கத்தித்தான் இருக்கிறார்கள்.

"மேடம், தமிழ் மெதுவா பேசுறதும் இருக்கா?"

வாசலில் நின்ற மாப்பிள்ளை

சென்னீர்குப்பத்தில் மகள் வீட்டில் இருக்கிறார் பொள்ளாச்சிப் பழனியம்மாள். மகள் செய்துகொண்டது காதல் கல்யாணம். மாப்பிள்ளை பாபு பூந்தமல்லிப் பக்கம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே வீட்டில் ஆறு வருஷம் இருந்தும் மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை. "எங்கூர்ப் பேச்சு தேனாட்டமுங்க. இவரு பேசறது மண்ணு வெட்டற மம்முட்டி கல்லுல பட்டாப்பல இருக்குது" என்று என்னிடமே சொன்னார். மகள் தலை குனிந்துகொண்டாள். பாபு கடைக்குள்ளேயே வராமல் வாசலில் நின்றார்.

மகள் கொங்குத் தமிழில் எதிரே உட்கார்ந்து நிறுத்திப் பேசுவாள். பாபுவோ பாதி எழுத்தை விழுங்கி, போகிற போக்கில் பேசுகிறவர். அந்தம்மாவின் காதுக்கு அதில் அதட்டல் மட்டும்தான் மிஞ்சியிருக்கும் என்று தோன்றியது. மிஷினை மாட்டியதும் பாபுவை உள்ளே கூப்பிட்டு, பின்னால் நின்று ஏதாவது பேசச் சொன்னேன். தயங்கினார்.

"இன்னா அத்தே, கேக்குதா? காது வலிச்சா சொல்லு, கயட்டச் சொல்றேன். ஊட்டுக்குப் போயி பொறுமையா மாட்டிக்கலாம்" என்றார்.

பழனியம்மாள் திரும்பவில்லை. கண் நிறைந்துவிட்டது. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்; பாபு ஒரு எழுத்துக்கூட மாறாமல் சொன்னார். பிறகு அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தன வருசமா இவரு என்னையத் திட்டறாருன்னுதானுங்க நெனச்சுட்டு இருந்தேன்."

எந்த மொழி இனிமை, எது கரடுமுரடு என்று என்னிடம் யார் வாதத்துக்கு வந்தாலும் முதலில் அவர்கள் காதைத்தான் பரிசோதித்துப் பார்க்கிறேன், அது வியாபாரத்துக்கும் நல்லது.