வெள்ளி கட்டின கொட்டாங்குச்சி

அன்று வீட்டில் இருந்தவர்கள்: பெரியப்பா. அப்பா. அம்மா. அத்தை, அவள் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் மூத்தவள். என் அக்கா, அவளுக்கு ஆவணியில் கல்யாணம். வெள்ளி பார்க்கக் கடைத்தெருவிலிருந்து வந்த பத்தர். அப்புறம் நான். மூணாவது படித்துக்கொண்டிருந்தேன். படிப்பும் அதோடு சரி.

நடுவில் பாய்மேல் ஆறு கொட்டாங்குச்சி. தேய்த்துத் தேய்த்துக் கருங்கல் மாதிரி மின்னும். வாயைச் சுற்றி வெள்ளிப் பட்டை. கீழே நிற்பதற்கு வெள்ளி வளையம். தாத்தாவின் அப்பா கோலார் சுரங்கத்துக்குப் போய், அந்தக் காசில் அங்கேயே கட்டிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் வெள்ளி என்று இருந்தது அவ்வளவுதான். அதையும் வெளியில் எடுப்பதில்லை. தகரப் பெட்டிக்கு அடியில் பழைய புடவையில் சுற்றிக் கிடக்கும்.

கல்யாணச் செலவுக்கு அதை எடுத்தார்கள். முந்தின நாளே சண்டை.

பெரியப்பா உருக்கச் சொன்னார். "கொட்டாங்குச்சிய அடுப்புல போடு. வெள்ளியில ரெண்டு ஜோடி கொலுசு பண்ணலாம். பெரியவளுக்கு ஒண்ணு, சின்னவளுக்கு ஒண்ணு."

அந்த நிமிஷமே நான் பெரியப்பா கட்சி.

அப்பா திருவண்ணாமலையில் ஆசிரமத்துப் பக்கம் வாடகை ரூம்களைக் கூட்டிக் கழுவுகிறவர். வெள்ளைக்காரர்கள் ஓட்டை விளக்கைக்கூடத் துடைத்து எடுத்துப் போவதைப் பார்த்தவர். "உருக்கினா கம்மியாதான் வரும். முழுசா வித்தா ஜாஸ்தி" என்றார்.

அத்தை கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பறிக்கப் போவாள். அதிகம் பேசமாட்டாள். "உருக்கவும் வேணாம். விக்கவும் வேணாம்" என்றாள்.

பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இது எந்த வூட்டு மாட்டுக்கொட்டாய்க் கூரையில சொருவி வெச்சிருந்ததுன்னு உனக்குத் தெரியாதா? சம்பந்தி வூட்டுக்காரங்க கண்ணுல பட்டா நம்ம மானம் என்னாவறது?"

"தெரியும். அதுக்குத்தான் நம்ம தாத்தா வெள்ளி கட்டினாரு."

மாட்டுக்கொட்டகையில் கொட்டாங்குச்சி எதற்கு? மாட்டுக்குத் தண்ணீர் காட்ட என்று நினைத்துக்கொண்டேன். அத்தனை பெரிய மூஞ்சியை வைத்துக்கொண்டு மாடு இதில் எப்படிக் குடிக்கும் என்றும் யோசித்தேன். கேட்கவில்லை. எனக்குக் கொலுசு நினைப்பு.

கடைசியில், பத்தரைக் கூப்பிடலாம், உருக்கினால் எவ்வளவு, விற்றால் எவ்வளவு என்று அவரே சொல்லட்டும் என்று ஆயிற்று. "கூப்பிடு" என்று மட்டும் சொன்னாள் அத்தை.

காலையில் என்னைத்தான் அனுப்பினார்கள். பத்தர் எங்கள் தெருமுனை டீக்கடையிலேயே நின்றுகொண்டிருந்தார். "இரு, வரேன்" என்றார். ரெண்டு வடை தின்றார். ஒரு டீ குடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்று வாங்கித் தரத் தோன்றவில்லை அவருக்கு.

வீட்டுக்கு வந்தவர் பாயில் உட்காரவில்லை. வாசற்படி ஓரம் தன் துண்டை விரித்து உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். நகத்தால் தட்டினார். விளிம்பைக் கல்லில் உரசினார். உள்ளே மூக்கை விட்டு மோந்தார்.

"உருக்காத. அரக்கு, அழுக்கு போனா ஒண்ணும் தேறாது. பழைய வேலை இது. அப்படியே குடு, வெள்ளைக்காரங்ககிட்ட நானே தள்ளிடறேன்" என்று அப்பாவிடம் சொல்லி, ஒரு விலையும் சொன்னார். அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா தலையாட்டிவிட்டார். என் கொலுசு போயிற்று.

"வெலை இருக்கட்டும் சாமி. வெயில்ல வந்திருக்கீங்க. ஒரு வாய் மோர் குடிங்க" என்றாள் அத்தை.

அத்தை வலியப் போய் யாருக்கும் மோர் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஆறையும் கொண்டுபோய்க் கழுவினாள். ஆறிலும் மோர் ஊற்றினாள். முதலில் பத்தர் முன்னால் ஒன்று. பிறகு பெரியப்பா, அப்பா, அம்மா, அக்கா, அவள். எனக்கு இல்லை. சின்னவளுக்கு மிச்சம்தான்.

பத்தர் எடுக்கவில்லை. "இன்னிக்கு விரதம்மா. பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது."

"இல்ல அத்தே, இப்பதான் டீக்கடையில வடை தின்னாரு" என்றேன் நான். "ரெண்டு."

யாரும் சிரிக்கவில்லை. பத்தர் துண்டை உதறித் தோளில் போட்டார். பெரியப்பா தன் கொட்டாங்குச்சியைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தார். பாய்மேல் வைத்தார்.

"கெளம்புங்க சாமி."

பத்தர் அப்பா பக்கம் திரும்பி, விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொன்னார்.

"விக்கல" என்றார் அப்பா.

"அப்ப உருக்கறியா?"

"உருக்கவும் இல்ல" என்றார் பெரியப்பா. "வெயில் ஏறுது. கெளம்புங்க."

அவர் போன பிறகு பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அத்தை பத்தருக்கு வைத்ததை என் பக்கம் தள்ளினாள். "நீ குடி." மோரில் உப்பு ஜாஸ்தி. வெள்ளி உதட்டில் சில்லென்றது.

ஆவணியில் அக்கா வெறுங்காலோடு மணையேறினாள். கொலுசு எங்கே என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள். "பொட்டியில பத்திரமா கீது" என்றாள் அத்தை.

வடையைச் சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துவிட்டேன் என்று ரொம்ப நாள் என் வாயை நானே திட்டிக்கொண்டிருந்தேன். ஆண்டை வீட்டில் எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் ஊற்ற என்றே தனியாகச் செருகி வைத்திருந்த கொட்டாங்குச்சி அவை. தாத்தாவின் அப்பா அவற்றையே எடுத்துப்போய் வெள்ளி கட்டிக்கொண்டு வந்து, அதே வாசலில் நின்று "ஊத்துங்க" என்று நீட்டினார். அதோடு அந்த ஊரில் வேலை போய்த்தான் திருவண்ணாமலைக்கு வந்தோம். இதெல்லாம் எனக்குக் கல்யாணம் ஆன பிறகு அத்தை சொன்னது.

அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தொட்டு, தட்டி, மோந்து பார்த்தவர் அதில் ஒரு வாய் குடித்தால் என்ன? ஒரு விரதப் பொய்க்கு ஏன் இத்தனை கோபம்? புரியவில்லை. எனக்கும் ஒன்று கிடைத்தது, அது போதும். மோர் குடித்தவர்களை விரல் விட்டு எண்ணினேன்.

ஆறு.