ஏரிக்கு நடுவே நின்ற பள்ளி வேன்

“வழி தொலஞ்சவங்க அப்புறம் எப்பிடிம்மா வூட்டுக்குப் போவாங்க?”

யூகேஜி படிக்கும் என் மகள் கேட்ட கேள்வி இது.

ஒரகடம் பக்கம், ராணுவத்துக்கு, சிக்னலை முடக்கும் ஜாமர் செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். செயற்கைக்கோளை நம்பி வழி கண்டு வரும் எதிரியின் ட்ரோன், எங்கள் பெட்டியை இயக்கினால் தான் இருக்கும் இடமே தெரியாமல் தடுமாறும். சிக்னல் துளியும் வெளியே கசியாத, இரும்புத் தகடு அடித்த அறைக்குள் வைத்துத்தான் அதை இயக்கிப் பார்ப்போம். போனை வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். ஷிப்ட் முடிந்து அது கைக்கு வந்ததும் நான் முதலில் பள்ளியின் ஆப்பில் தேடுவது மகளின் வேனை. உத்திரமேரூரிலிருந்து எங்கள் ஊரான பெருநகருக்கு ஒரு நீலப் புள்ளியாக அது ஊர்ந்து வருவதைப் பார்த்தால்தான் எனக்கு மூச்சு சீராகும்.

போன மாதம் ஒரு மாலை அந்தப் புள்ளி ஏரிக்கு நடுவில் நின்றது. அசையவே இல்லை.

விபத்து என்றுகூட எனக்கு முதலில் தோன்றவில்லை. சோதனை அறைக் கதவை இன்று சரியாக அடைத்தேனா, எங்கள் பெட்டியின் சிக்னல் கசிந்து அந்தப் புள்ளியைக் குழப்பிவிட்டதா என்றுதான் தோன்றியது. சூப்பர்வைசரிடம் திரும்ப ஓடினேன்.

“கதவு மூடலன்னா பொட்டி ஆனே ஆவாதும்மா. டிப்ளமா படிச்ச பொண்ணுதானே நீ?” என்றார்.

எனக்கும் தெரியும். ஆனாலும் உடனே வேன் டிரைவருக்குப் போன் செய்தேன்.

“இன்னாது, ஏரிலயா? ஏரில மாடு மேய்து யக்கா! வண்டி உங்க வூட்டாண்டதான் நிக்குது. பாப்பா எறங்கிக்கினு கீது. அந்தப் புள்ளி காட்டுற டப்பா ரிப்பேரு.”

அன்று இரவு சாப்பிடும்போது என் கணவர் மகளைச் சீண்டினார். “உங்கம்மா மிஷினு உன் வேனையே ஏரில எறக்கிட்ச்சி பாத்தியா?”

அவள் சிரிக்கவில்லை. “அது இன்னா மிஷினும்மா?”

“நம்ம ஊர் மேல குண்டு போட ட்ரோன் வரும் இல்ல, அதுக்கு வழி தெரியாம பண்ற மிஷின், கண்ணு.”

வழி தொலைந்தவர்கள் எப்படி வீட்டுக்குப் போவார்கள் என்று அப்போதுதான் கேட்டாள். அந்த ட்ரோனுக்குள் ஆள் இருக்காது, வெறும் இயந்திரம் என்றேன். பெரும்பாலும் அது உண்மைதான். எப்போதுமே உண்மையா என்று கம்பெனியில் யாரிடமும் நான் கேட்டதில்லை. எங்கள் பெட்டி எல்லையில் நிற்கும் யாரோ ஒருவருடைய பிள்ளையைக் காப்பாற்றுகிறது என்பதை நம்புகிறேன். நம்பியும் அன்று தூக்கம் வரவில்லை.

காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, வாயில் பிரஷ்ஷோடு ஓடி வந்து என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டாள்.

“அந்த மிஷினாண்ட சொல்லிடும்மா. வழி தொலஞ்சவங்கள நம்ம வூட்டுக்கு அனுப்பச் சொல்லு. பெருநகர் பஸ் ஸ்டாப்ல எறங்கி, பம்புசெட்டாண்ட திரும்பணும். சோறு போடலாம்.”

“சொல்றேன்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். மாலையில் வந்ததும், “சொன்னியா?” என்றாள். தலையாட்டினேன். இப்போதெல்லாம் தினமும் கேட்கிறாள். நானும் தினமும் தலையாட்டுகிறேன்.

வேலையை விடும் எண்ணம் எனக்கில்லை. இனியும் தலையாட்டி அவளிடம் பொய் சொல்லவும் மனம் வரவில்லை. சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள், இப்படிப்பட்ட வேலையில் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்: அவள் நாளை கேட்கும்போது நான் என்ன சொல்லட்டும்?