எட்டாவது ஃபெயில் பூபதி

என் தம்பி பூபதியைக் கைப்பேசியில் தேடினால் ‘எட்டாவது ஃபெயில் பூபதி’ என்றுதான் வரும். அவன் பி.இ. படித்தவன். எலக்ட்ரிக்கல். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, ஒரு அரியர்கூட வைக்காமல் முதல் வகுப்பில் தேறியவன். இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லும்போதே எனக்கு வாய் கசக்கிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவன் படித்த காலத்தில் எட்டாவதில் யாரையும் ஃபெயில் போடுவதே கிடையாது. புத்தகத்தையே தொடாதவனைக்கூட ஒன்பதாவதுக்குத் தள்ளிவிட்டுத்தான் மறுவேலை. ஆயிரக்கணக்கான பேர் அந்தப் பெயரைப் பார்த்துக் கைதட்டினார்களே, ஒருத்தருக்காவது இது தோன்றியதா? தோன்றவில்லை. தோன்ற வேண்டும் என்று யாருக்கும் ஆசையும் இல்லை.

எங்கள் அம்மா அத்தாயி நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை எடுக்கும் வேலை செய்கிறாள். சேலைக்கு மேலே அப்பாவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு போவாள். அப்பா ராசு ரிக் லாரியோடு வடக்கே போய் ஆழ்துளைக் கிணறு போட்டவர். கல்தூள் நெஞ்சில் ஏறி, பூபதி கல்லூரி முடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் கோகிலவாணி, பன்னிரண்டாவதோடு நின்றவள். தம்பிக்காக விட்டுக்கொடுத்தாள் என்று நினைத்து யாரும் கண் கலங்க வேண்டாம். எனக்குக் கணக்கு வரவில்லை, அவ்வளவுதான். ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள், சந்தோஷமாகப் போனேன்.

அவனுக்குப் படிப்பு வந்தது. ஒன்பதாவதில் ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போவதற்கு முன் அம்மா இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளிப்பாள். ஏனென்றால் முதல் மாதமே எங்கள் துரை பூபதி சொல்லிவிட்டார்: “எரு நாத்தம் அடிக்குதும்மா. எல்லாரும் பாக்கறாங்க. நீ ஸ்கூல் கேட்டுக்கிட்டயே நில்லு, நானே வாரேன்.” அதற்கும் அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. பிள்ளைக்குச் சுத்தம் பத்தம் தெரிகிறது என்று பண்ணையில் போய்ப் பெருமையாகச் சொன்னாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

பட்டம் வாங்கியபோது கறுப்பு அங்கியும் தொப்பியுமாக எடுத்த படத்தைச் சட்டம் போட்டு, அப்பா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். அன்றிலிருந்து பண்ணையில் அவள் பெயர் ‘இன்ஜினியர் அம்மா’. அவளுக்குக் கையெழுத்துப் போடக்கூட வராது. ஆனால் பத்தாவது ரிசல்ட் வந்தால் கூட வேலை செய்யும் பெண்கள் அவளிடம்தான் வருவார்கள். “ஏனுங்கக்கா, எம் பையனை எந்த குரூப்புல சேக்கறதுங்க?” அவளும் என்னவோ கலெக்டர் மாதிரி யோசித்துப் பதில் சொல்லுவாள். இந்த உலகத்தில் எங்கள் அம்மாவுக்கு என்று இருந்த பெருமை அது ஒன்றுதான்.

பூபதி கோவையில் ஒரு மோட்டார் கம்பெனியில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, மேனேஜர் மதிக்கவில்லை என்று திரும்பி வந்தான். வந்தவன் ‘சொந்தப் புத்தி’ என்ற குழுவில் சேர்ந்தான். சேலம், நாமக்கல், ஈரோட்டு ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் இணையக் குழு. பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளாமல் தானாகத் தொழில் கற்றவர்கள் அதில் எழுதுவார்கள், வீடியோ போடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் தங்கள் ஊர், எதுவரை படித்தோம், எதைத் தானாகக் கற்றோம் என்று சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். நல்லவர்களும் அதில் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆத்தூரில் ஒரு அம்மா, ஏழாவது படித்தவர், தையல் மெஷினைக் கழற்றிக் கழற்றியே பழுதுபார்க்கக் கற்றிருக்கிறார். சின்னுசாமி என்று ஒரு பெரியவர், லாரி ஓட்டி ஓய்ந்தவர், ஐந்தாவதோடு சரி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வயரிங் படம் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறார்.

பூபதி முதலில் உள்ளதைத்தான் எழுதினான். பி.இ., எலக்ட்ரிக்கல் என்று. உடனே பிடித்துக்கொண்டார்கள். “இன்ஜினியருங்களா? ஃபியூஸ் கட்டை மாத்தத் தெரியுங்களா?” என்று ஒருத்தன். “சொந்தப் புத்தி இல்லாதவங்களுக்கு இங்கென்ன வேலை?” என்று இன்னொருத்தன். சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக விழுந்தன. நாலு நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தான். எனக்கே அப்போது பாவமாக இருந்தது. பிறகு அந்தக் கணக்கை அழித்துவிட்டு வேறு எண்ணில் போய்ச் சேர்ந்தான். ‘பூபதி, எட்டாவது ஃபெயில். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் எடுபிடியாக நின்று எல்லாம் நானே கற்றது.’

அவ்வளவுதான், தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள்.

அவன் காட்டிய சரக்கு என்ன தெரியுமா? வெயில் ஏறினால் கோழி செட்டில் தானாக ஃபேனும் தண்ணீர்த் தெளிப்பும் ஓடவைக்கிற ஒரு பெட்டி. கோடையில் கோழி கொத்துக் கொத்தாகச் சாகிற ஊர் இது, பண்ணைக்காரர்கள் விடுவார்களா? பெட்டி என்னவோ நன்றாகத்தான் வேலை செய்தது. ஏன் செய்யாது? கல்லூரிக் கடைசி வருஷத்தில் மூன்று கூட்டாளிகளோடு சேர்ந்து, ஒரு மேடம் கூடவே உட்கார்ந்து திருத்திச் செய்த பிராஜக்ட் அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, “கனவுல வந்துச்சுங்க” என்று கேமரா முன்னால் சொல்கிறான். கருமம்.

சின்னுசாமிப் பெரியவர் ஒருநாள் அவனுக்குக் குரல் செய்தி அனுப்பியிருந்தார். “தம்பி, அந்தக் கெப்பாசிட்டரு அளவு எப்படிங்க கணக்குப் போட்டீங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க.” புத்தகத்தில் இருக்கிற கணக்கு. இவனுக்குத் தண்ணி பட்ட பாடு. சொன்னால் எங்கே படித்தாய் என்று கேட்டுவிடுவார் இல்லையா? அதனால், “அதெல்லாம் தானா வரோணுங்க ஐயா” என்று அனுப்பிவிட்டான். பாவம், அந்த மனுஷன், “எனக்கு மூளை பத்தாதுங்க போல” என்று பதில் போட்டிருந்தார். கற்றுக்கொள்ள வந்த ஆளைக் கையைப் பிடித்துக் குழியில் தள்ளியது மாதிரி இருந்தது எனக்கு.

“ஏண்டா, வெக்கமா இல்லையாடா உனக்கு?” என்று கேட்டேன்.

“அக்கா, பி.இ.ன்னா ஒரு பண்ணைக்காரன் கூப்பிட மாட்டான். தெருவுக்குப் பத்து பி.இ. கெடக்குறான். எட்டாவது ஃபெயிலுன்னா அதிசயம்பான். உனக்கு இதெல்லாம் புரியாது, உடு.”

சரி, இவன் மட்டும் பொய் சொல்லித் தொலையட்டும் என்று விட்டேன். அம்மாவையும் பொய் சொல்லவைக்க வருவான் என்று நினைக்கவில்லை.

குழுவை நடத்துகிறவர் அன்பரசு. சேலத்துக்காரர். வருஷத்துக்கு ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து விருது கொடுப்பார். இந்த வருஷம் பூபதிக்கு. விருதுக்கு முன்னால் வீட்டுக்கே வந்து தாயாரைப் பேட்டி எடுத்துப் போடுவது அவர் வழக்கமாம். சேதி தெரிந்து நான் ராசிபுரத்தில் பஸ் ஏறி வந்து இறங்கினால், சுவரில் அப்பா படம் மட்டும் இருக்கிறது. பக்கத்தில் வெளுப்பாக ஒரு சதுரம். இவன் படத்தைக் கழற்றித் தீவனச் சாக்குக்குப் பின்னால் சொருகியிருக்கிறான். அம்மா கட்டிலில் உட்கார்ந்து பாடம் சொல்வது போலச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்: “எட்டாவதுக்கு மேல படிக்க வெக்க முடியலைங்க.”

“அம்மா, நீ இதைச் சொல்லப் போறியா?”

“அவம் பொழப்பு சாமி. ஒரு வார்த்தைதானே?”

நல்ல சேலையாக ஒன்றை உடுத்தியிருந்தாள். பூபதி பார்த்துவிட்டு, “இது வேண்டாம்மா. பண்ணைக்குப் போற சட்டையைப் போட்டுக்க. அந்தக் கறையோட” என்றான். கேட்டுக்கிட்டயே நில்லு என்றவன். அன்றைக்கு நாற்றம், இன்றைக்கு அதே கறை கேமராவுக்கு வேண்டும். அம்மா உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தாள்.

அன்பரசு காரில் வந்தார். அம்மாவின் சட்டையில் மைக்கைக் குத்திவிட்டு, குரலைக் குழைத்துக்கொண்டு கேட்டார். “ஏம்மா, இத்தனை அறிவு இருக்கற பையனை ஏன் படிக்க வெக்காம உட்டீங்க?”

அம்மா பூபதியைப் பார்த்தாள். அவன் கேமராவுக்குப் பின்னால் நின்று தலையாட்டினான்.

“எட்டாவதுக்கு மேல… படிக்க வெக்க முடியலைங்க. வசதி இல்லைங்க சாமி.” சொல்லி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது நடிப்பில்லை. அவளுக்கு நடிக்கத் தெரியாது.

“சூப்பருங்கம்மா! ஆனா நடுவுல லாரி ஹாரன் சத்தம் உழுந்துருச்சு. இன்னொருக்காச் சொல்லுங்க. அழுகையும் அப்படியே வரட்டும்.”

இன்னொருக்காச் சொன்னாள். இந்தத் தடவை அழுகை வரவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னார். நான் எழுந்து போய்ப் படத்தை இழுத்து வந்து அந்த ஆளின் மூஞ்சிக்கு நேரே நீட்டியிருப்பேன். எழுந்தும்விட்டேன். அம்மா கண்ணாலேயே என்னை உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தேன்.

கடைசியில் அன்பரசே கேமராவைப் பார்த்து, “படிப்பெல்லாம் வெறுங்காகிதம், மக்களே” என்று முடித்தார். முடித்த கையோடு மணி பார்த்துப் பதறினார். “கிளம்பறேனுங்க. நாமக்கல்லுல பொண்ணு ஸ்கூலுல பேரன்ட்ஸ் மீட்டிங்கு. ஒன்பதாவதுங்க, ஹாஸ்டலு. எப்படியும் டாக்டராக்கிப் போடோணும்.”

“ஏனுங்க, படிப்பு வெறுங்காகிதம்னு இப்பத்தானுங்களே சொன்னீங்க?” என்றேன்.

“அது வேறீங்க, இது வேறீங்க” என்று சிரித்துக்கொண்டே கார் ஏறினார். ச்சீ! அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

வீடியோ வந்தது. கீழே வந்து விழுந்ததையெல்லாம் படித்தேன். ‘பெத்தா மட்டும் போதுமா?’ ‘இந்த அறிவை முட்டை பொறுக்க அனுப்பியிருப்பாங்க, நல்லவேளை.’ ‘படிக்க வெக்கத் துப்பில்லாதவங்க எதுக்குப் பிள்ளை பெத்துக்கறாங்க?’ இந்தக் கடைசியானதற்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு இதயம். போட்டவன் பூபதி. உடனே கூப்பிட்டேன்.

“அம்மாவைத் துப்பில்லைங்கறான், நீ ஹார்ட்டாடா போடறே?”

“எல்லாக் கமெண்ட்டுக்கும் போடறதுதான்க்கா. அப்பத்தான் நாலு பேருக்குப் போய்ச் சேரும்.”

போனை வைத்தேன். பேட்டி எடுத்த அன்று கிளம்பும்போது சாக்குக்குப் பின்னால் இருந்த படத்தை என் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்தேன். நானும் அந்தக் குழுவில் சேர்ந்து அதைப் போட்டேன். ‘இவன் பி.இ. கோழிப்பண்ணையில் முட்டை எடுத்து எங்கள் அம்மா படிக்க வைத்தாள்’ என்று எழுதினேன். என்ன நடந்தது என்கிறீர்கள்? ‘எடிட்டிங் அருமை’ என்றான் ஒருத்தன். ‘இப்பெல்லாம் ஏ.ஐ.ல யாருக்கு வேணும்னாலும் தொப்பி போடலாம்’ என்றான் இன்னொருத்தன். விரலை எண்ணிப் பாருங்கள், ஆறு இருக்கும் என்று ஒரு கூட்டமே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து எண்ணியது. அன்பரசு, ‘வளரும் தம்பியின் மேல் படித்தவர்களின் வயிற்றெரிச்சல்’ என்று எழுதிவிட்டு என்னைக் குழுவிலிருந்து நீக்கினார். பன்னிரண்டாவதில் கணக்கில் திணறிய நான் படித்தவள். பி.இ. முடித்தவன் எட்டாவது ஃபெயில். இவர்கள் மூஞ்சியில் முழிக்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த வாரம் படத்தைத் திரும்ப மாட்டப் போனேன். அம்மா விடவில்லை.

“வேண்டாஞ் சாமி. பண்ணைக்காரங்க, வீடியோக்காரங்கன்னு ஆளுக வந்துட்டுப் போறாங்க. பாத்தா அவனுக்குச் சங்கடம். நீ உங்க ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிரு.”

“பண்ணையில என்ன சொல்றாங்க?”

“என்ன சொல்றாங்க, ஒன்னுஞ் சொல்லலை. இந்த வருசம் யாரும் குரூப்புக் கேக்க வரலை” என்றாள்.

படம் இப்போது ராசிபுரத்தில் என் வீட்டு ஹாலில் இருக்கிறது. மாமியார் ஒரு மாதிரிதான் பார்க்கிறாள். பார்க்கட்டும். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா இரண்டு பஸ் மாறி வருகிறாள். பேத்தியைப் பார்க்க வந்தேன் என்பாள். பேத்திக்கு முறுக்கைக் கொடுத்துவிட்டு, நேராகப் படத்துக்குக் கீழே போய் நிற்பாள். பெற்ற பிள்ளை படித்த பெருமையை ஒரு தாய் திருட்டுத்தனமாக இன்னொரு ஊரில் வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. தூ, இதுவும் ஒரு பிழைப்பா?

போன ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். ஸ்டூல் போட்டு ஏறிப் படத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடியில் ஊதி, முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“பஸ்ஸுல ஒருத்தி என்னைய அடையாளம் கண்டுக்கிட்டா சாமி. ‘அந்த வீடியோவுல வந்த அம்மாதானுங்க? அந்தப் பையனை நாலெழுத்துப் படிக்க வெச்சிருக்கலாமுங்களே’ன்னா.”

“நீ என்ன சொன்னே?”

“வெச்சிருக்கலாந்தாங்க, தப்புப் பண்ணிட்டேனுங்கன்னேன்.”

சொல்லிவிட்டு, தொப்பி இருக்கும் இடத்தில் இன்னொரு தரம் ஊதித் துடைத்தாள்.