தொண்ணூற்றொன்று வாங்கிய புரோகிராம்

அமெரிக்காவின் டுலூத் நகரத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீடு கணக்கிடும் புரோகிராமை எழுதியவள் மார்லிஸ் ஹாகன். தலை நரைக்கும்வரை அதைப் பழுது பார்த்ததும் அவள்தான். நீளமான, அவலட்சணமான புரோகிராம். ஆனால் எந்தப் பிழை வந்தாலும் காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிடுவாள்.

பிறகு அலுவலகம் ஒரு கருவியை வாங்கியது. ஒரு புரோகிராமைப் பராமரிப்பது எவ்வளவு சுலபம் என்று நூற்றுக்கு மதிப்பெண் போடுவது அதன் வேலை. மார்லிஸுக்குப் பதினெட்டு போட்டது. திரையெல்லாம் சிவப்பு.

"சின்னச் சின்னத் துண்டா வெட்டுங்க மார்லிஸ். அதுக்கு அதான் பிடிக்கும்," என்றான் மேலாளர் டெரன்ஸ்.

"படிச்சா புரியுதான்னு பாக்காதா?"

"அதெல்லாம் அதுக்கு எதுக்கு?"

குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து வெட்டினாள். மேலிருந்து கீழே ஒரே மூச்சில் படிக்க முடிந்த கணக்கு, நூற்றுக்கணக்கான ஃபைல்களில் சிதறிப்போனது. மதிப்பெண் தொண்ணூற்றொன்று. டெரன்ஸ் எல்லோருக்கும் டோனட் வாங்கி வந்தான்.

வசந்தத்தில், பனிப் பாரம் தாங்காமல் கூரை விழுந்த வீடுகளுக்குப் பாதி இழப்பீடுதான் போய்ச் சேர்ந்தது. மார்லிஸ் ஒரு துண்டைத் திறந்தால் அது இன்னொன்றைக் கைகாட்டியது, அது வேறொன்றை. நாள்கணக்கில் அலைந்தும் பிழை அகப்படவில்லை.

"என்னால முடியல டெரன்ஸ். நான் எழுதினது எனக்கே புரியல."

அவன் திரையைப் பார்த்தான். பச்சை. பிறகு அவளைப் பார்த்தான், பரிவோடுதான்.

"தொண்ணூத்தொண்ணு வாங்கின புரோகிராம் மார்லிஸ். யாரு வேணா பாத்துக்கலாம்னு அர்த்தம். அப்ப கோளாறு அதுல இல்லையே?"

கோளாறு தன்னிடம்தானோ என்ற சந்தேகம் அவளுக்கே வந்துவிட்டிருந்தது.