தமிழ் வராத கம்ப்யூட்டர்

அப்பாவின் குரல்வளையை எடுத்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பாண்டிச்சேரியில் புற்றுநோய்க் கட்டிக்கு ஆபரேஷன் செய்து, கழுத்தடியில் மூச்சு விட ஒரு துளை வைத்து அனுப்பினார்கள். சில மாதம் மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சி போனது, பிறகுதான் சோறு. உயிர் தப்பியது, பேச்சு போயிற்று. கடலூர் முதுநகரில் எங்கள் தெருமுனையில் நின்று கூப்பிட்டால் ரயில்வே கேட்டு வரை கேட்கும் குரல் அப்பாவுடையது. அந்த மனிதர் தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தரையில் தட்டும்படி ஆனது.

எழுதிக் காட்டலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்குப் பேனா பிடித்தால் கை நடுங்கும். அது முன்பிருந்தே இருந்தது. அவர் எழுதுவதைப் படிக்க முடியாமல் நாங்கள் விழிப்பதும், அவர் தாளைக் கசக்கி எறிவதும் தினப்படி நடந்தது. ஆனால் அவர் பெண்ணாடத்தில் ஆலை அலுவலகம் ஒன்றில் தமிழ்த் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தட்டச்சு விசைகளில் விரலை வைத்தால் நடுக்கம் பாதி அடங்கிவிடும். கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை பார்த்திருந்தேன். அந்தப் பழக்கத்தில், பழைய தட்டச்சு முறையிலேயே தமிழ் அடிக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டு, எழுத்தைப் பெரிதாக்கி, கம்ப்யூட்டரைக் கூடத்தில் அவர் நாற்காலிக்கு எதிரே வைத்தேன்.

முதல் நாள் அவர் அடித்தது இது: "காபியில் சர்க்கரை போதவில்லை. கவனிக்கவும்."

அம்மா சிரித்துவிட்டாள். "ஆபீஸ்ல மெமோ குடுக்குற மாதிரியே அடிக்கிறாரு பாரு."

வாயால் பேசியபோது எங்களைப் போலத்தான் பேசுவார். விரலால் பேசும்போது மட்டும் அலுவலகத் தமிழ். "இன்று மீன் வேண்டாம்." "மின்விசிறி சத்தம் செய்கிறது, ஆவன செய்யவும்." அப்படியே பழகிப் போனோம்.

நான் கல்யாணமாகிச் சிதம்பரத்தில் இருந்தேன். வாரக் கடைசியில் வருவேன். வந்ததும் அப்பாவின் கழுத்துத் துளையைச் சுற்றியிருக்கும் துணியைப் பார்ப்பது ஒரு வேலை, கம்ப்யூட்டரைப் பார்ப்பது இன்னொரு வேலை. வைரஸ் தேடுவது, தேவையில்லாத கோப்புகளை நீக்குவது, டிஸ்க்கைச் சரிபார்ப்பது. அப்போது மின்வெட்டு வேறு நேரம் காலம் இல்லாமல் வரும். யு.பி.எஸ். பேட்டரி பலவீனமாகி, கரண்ட் போன மறுநொடியே கம்ப்யூட்டரும் அணையும். வேறு பேட்டரி மாற்ற வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை நான் கடலூர் வந்து இறங்கியபோது வீட்டில் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு அப்பாவை அழைத்துப் போய் வருவதெல்லாம் அவர்தான். மறுபரிசோதனையில் கழுத்தில் மீண்டும் ஒரு கட்டி தெரிந்திருக்கிறதாம். திங்கட்கிழமை சேர்த்துவிட வேண்டும், கரண்ட் வைக்கப் போகிறார்கள் என்றார். கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள்.

"அப்பா என்னா சொல்றாரு மாமா?"

"அவுரு என்னா சொல்லுவாரு. கைய கைய ஆட்டுறாரு. பயப்படுறாரு. நம்மதான் தைரியம் சொல்லணும்."

நான் கூடத்துக்குப் போனேன். அப்பா நாற்காலியில் இருந்தார். என்னைக் கண்டதும் கம்ப்யூட்டரைக் காட்டினார். பிறகு மாமாவைக் காட்டினார். பிறகு இரண்டு கையையும் விரித்தார். முகம் சிவந்திருந்தது.

நடந்ததை அம்மா சொன்னாள். புதன்கிழமை கரண்ட் போய் வந்ததிலிருந்து கம்ப்யூட்டர் எழும்பவில்லை. நீலத் திரை வரும், அணையும், திரும்ப எழும்பும், மறுபடி நீலத் திரை. அம்மா சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் வெள்ளிக்கிழமை வந்து, ஓ.எஸ். கெட்டுவிட்டது என்று ஃபார்மேட் செய்து புதிதாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"நல்லாத்தான் ஓடுதுன்னு காட்டிட்டுப் போனாருடி. பாட்டெல்லாம் பாடுச்சு. இவுரு உக்காந்து அடிச்சா தமிழே வரல."

நான் உட்கார்ந்து பார்த்தேன். கம்ப்யூட்டர் சுத்தமாக, வேகமாக, ஒரு பழுதும் இல்லாமல் இருந்தது. சர்வீஸ் ஆள் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தார். ஆனால் தமிழ் மென்பொருளும் எழுத்துருவும் அழிந்த பகுதியில் இருந்தவை. அப்பா அடித்துப் பார்த்த பக்கம் அப்படியே திறந்திருந்தது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகத் திரை முழுக்கக் கூளம். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு வரியும் ஒரே மாதிரி இருந்தது. விசையைத் தப்பாக அடித்துவிட்டோமோ என்று நினைத்து மறுபடி மறுபடி அடித்திருக்கிறார்.

அவரைக் கேட்டேன். "அப்பா, ஆஸ்பத்திரிக்குப் போவ வேணாங்கிறீங்களா?"

இல்லையென்று தலையாட்டினார்.

"போலாங்கிறீங்களா?"

அதற்கும் இல்லை. பிறகு தொண்டையைத் தொட்டு, வாயைத் தொட்டு, மறுபடி தொண்டையைத் தொட்டார்.

"வலிக்குதுங்கிறாரு," என்றார் மாமா.

அப்பா நாற்காலிக் கையில் ஓங்கி அடித்தார். மாமா என்னைப் பார்த்து, "பாத்தியா, இப்படித்தான். ரெண்டு நாளா இதே கோவம்," என்றார். அவர் கெட்டவர் இல்லை. வேலையை விட்டுவிட்டு அலைந்தவர். ஆனால் அப்பாவைப் பற்றிய எல்லாப் பேச்சும் அப்பாவின் தலைக்கு மேலேயே நடந்தது. என்ன உடுப்பு எடுத்து வைப்பது, யார் கூட இருப்பது, வீட்டுக்கு யார் காவல் என்று. நடுவில் அவர் ஒரு சாமானைப் போல உட்கார்ந்திருந்தார்.

மென்பொருளின் சிடியைத் தேடினேன். இருந்தது. போட்டால் டிரைவ் கிர்ரென்று சுற்றியது, படிக்கவில்லை. துடைத்துப் போட்டேன், வேறு டிரைவில் போட்டேன், பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டேன். கீறல் விழுந்த சிடி எதிலும் திறக்கவில்லை. விண்டோசிலேயே தமிழ் இருக்கும் என்று அதன் மொழி அமைப்பைத் திறந்தேன். அது மூல சிடியைக் கேட்டது. சர்வீஸ் ஆள் விட்டுப்போன நகலில் அந்தக் கோப்புகள் இல்லை. இருந்திருந்தாலும் அதன் விசை முறை வேறு. எந்த விசையில் எந்த எழுத்து என்று அப்பா இனிமேல் புதிதாகப் படிக்க முடியுமா? திங்கட்கிழமைக்குள்?

டி.டி.பி. சென்டரில் என்னோடு வேலை பார்த்த தோழி ஒருத்தி பரங்கிப்பேட்டையில் சொந்தமாகக் கடை வைத்திருந்தாள். போன் செய்தேன். அதே மென்பொருள்தான் இன்னும் கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருக்கிறேன் என்றாள். ஞாயிறு காலை பஸ் ஏறினேன்.

கடையில் பென் டிரைவை நீட்டியதும் அவள் கையைத் தள்ளினாள்.

"அது வேணாம்க்கா. எங்க கடையில வைரஸ் ஜாஸ்தி. வர்றவங்க எல்லாரும் ஏத்தி விட்டுட்டுப் போறாங்க. சிடியில அடிச்சுத் தர்றேன்."

சிடி பதிவாகி முடியும்வரை அவள் அப்பாவைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். "அல்லா ஷிஃபா குடுப்பான்க்கா, கொணமாயிடும்," என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, இன்னொரு நகலும் போட்டுக் கையில் கொடுத்தாள்.

வீடு வந்து சேர்ந்தால் கரண்ட் இல்லை. ஏதோ ஒயர் மாற்றுகிறார்கள், சாயங்காலம்தான் வரும் என்றார்கள். அப்பா அணைந்த திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் எழவில்லை. மாமா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். யாரிடம் கோபப்படுவது என்று தெரியவில்லை. பேட்டரியை நினைத்தேன், கீறல் சிடியை நினைத்தேன். அப்பாவின் முதுகைப் பார்க்க முடியாமல் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் கழுவினேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரண்ட் வந்தது. மென்பொருளை நிறுவி, மறுபடி துவக்கினேன். அப்பா விரலை வைத்தார். தமிழ் வந்தது. ஆனால் சொல் வரவில்லை. "பாப்பா" என்று என்னைக் கூப்பிட அடித்தார், ஏதோ துணைக்காலும் கொம்புமாக வந்தது. அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. தனக்குத்தான் மறந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

"உங்க தப்பு இல்லப்பா. இருங்க, இருங்க," என்று அமைப்பைத் திறந்தேன். விசை முறை வேறாக இருந்தது. பழைய தட்டச்சு என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அவர் கையை நானே எடுத்து விசைமேல் வைத்தேன்.

"பாப்பா." முற்றுப்புள்ளி.

பிறகு நிறுத்தாமல் அடித்தார். "கரண்ட் வைத்த பின் உணவு விழுங்க முடியுமா. ஆறு மாதமாகத்தான் சோறு தின்கிறேன். மீண்டும் மூக்கில் குழாய் என்றால் எவ்வளவு காலம். மருத்துவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டுச் சொல்லவும். வர மாட்டேன் என்று நான் சொல்லவில்லை."

மாமா என் தோளுக்குப் பின்னால் நின்று வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "இதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தீங்களா மாமா? நான் என்னமோ நெனச்சுட்டேன்," என்றார். அப்பாவை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார். அப்பா "பரவாயில்லை" என்று அடித்தார்.

திங்கட்கிழமை அப்பாவின் கேள்விகளை அச்செடுத்துக் கொண்டுபோனோம். டாக்டர் அதைப் படித்துவிட்டு, அதுவரை மாமாவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர், நாற்காலியை அப்பா பக்கம் திருப்பினார். மறைக்காமல் சொன்னார். விழுங்குவது கடினமாகும். சில மாதம் குழாய் தேவைப்படலாம். பிறகு பெரும்பாலும் திரும்பிவிடும், முன்பு போல் இருக்காது. வேண்டாமென்றால் கட்டி வளரும். அப்பா தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு சரி என்று தலையாட்டினார். அன்றைக்கே சேர்ந்துகொண்டார்.

கரண்ட் வைத்த நாட்கள் கொடுமையானவை. கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. குழாயும் மூக்கில் ஏறியது. டாக்டர் சொன்னதைவிட அதிக நாள் இருந்தது. வீடு திரும்பிய பிறகும் அப்பா நெடுநாள் கம்ப்யூட்டர் பக்கம் வரவில்லை. உட்காரவே தெம்பில்லை. குழாய் எடுத்த அன்று வந்து, "ரசம் சாதம் போதும். குழைய வடிக்கவும்," என்று அடித்தார். அம்மா அதைப் படித்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு சில ஆண்டுகள் இருந்தார். பேட்டரி மாற்றினேன். எல்லாம் நல்லபடி ஓடும்போது முழு டிஸ்க்கையும் நகலெடுத்து, எது கெட்டாலும் அப்படியே திரும்பப் போடும்படி வைத்துக்கொண்டேன். ஆனாலும் நிம்மதி வரவில்லை. சிதம்பரத்தில் மின்விசிறி நின்றால் கை தானாகப் போனை எடுக்கும். "அம்மா, அங்க கரண்ட் இருக்கா? அத ஒழுங்கா ஆஃப் பண்ணீங்களா?" என்பேன். "மொதல்ல என்னை நல்லாயிருக்கியான்னு கேளுடி," என்பாள் அம்மா. அவள் சொன்னதும் நியாயம்தான்.

கடைசியாகச் சேர்த்தபோது ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் இல்லை. லேப்டாப் கொண்டுவருவதாகச் சொன்னேன். வேண்டாம் என்று கையசைத்தார். ஒரு மதியம் என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் விரலால் எழுதினார். எனக்குப் புரியவில்லை. "மறுபடி எழுதுங்கப்பா," என்றேன். எழுதினார். அப்போதும் புரியவில்லை. மாமா தன் கையையும் நீட்டினார். அப்பா லேசாகச் சிரித்தார், எங்கள் இருவர் கையையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு அப்படியே தூங்கிப்போனார். அடுத்த வாரம் போய்விட்டார்.

ஏதோ சாப்பிடக் கேட்டிருப்பார் என்கிறார் மாமா. அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருப்பார் என்று நான் சொல்கிறேன். அம்மா எங்கள் இருவரையும் பேச்சை மாற்றச் சொல்கிறாள்.