இரண்டாவது ரேடியேட்டர்

இலங்கையில் வாகன இறக்குமதி நின்றிருந்த காலம். என் பழைய வேனுக்கு ஒரு ரேடியேட்டர் பதுளை முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. ஹாலிஎலயிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் பாதித் தூரத்திலேயே தண்ணீர் கொதித்துவிடும்.

பின் சீட்டில் பக்கத்து லயத்து, அதாவது அடுத்த தொழிலாளர் வீட்டு வரிசையில் இருக்கும், அக்கா படுத்திருப்பார். இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் இரண்டு நாள் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டு திரும்புவார். தோட்டத்துக்கு பஸ் கிடையாது. இருந்தது என் வேன் ஒன்றுதான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கட்டாரில் எனக்குச் சாரதி வேலை சரியாகியிருந்தது. எஞ்சின் ஒரேயடியாகப் போய்விட்டால் யாருக்கும் பதில் சொல்லாமல் கிளம்பிவிடலாம் என்று மனதுக்குள் காத்திருந்தேன்.

ஒருநாள் மழையில் வேன் நடுவழியில் நின்றுவிட்டது. சூடு தணியும்வரை ஒரு மணி நேரம் அக்கா குளிரில் நடுங்கினார்.

"நீ வெளிநாடு போறியாமே. போ தம்பி. நான் எப்படியாச்சும் பாத்துக்குவேன்" என்றார்.

எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று இரவு முழுக்க யோசித்தேன்.

மறுநாள் பதுளையில் பழைய பாகங்கள் விற்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரின் கடைக்குப் போனேன். நொறுங்கிய கார் ஒன்றிலிருந்து, குளிருக்கு உள்ளே இருப்பவர்களுக்குச் சூடு கொடுக்கும் சின்ன ரேடியேட்டரை அவர் பித்தளைக் குழாய்களோடு கழற்றித் தந்தார்.

"இத முன்னுக்குப் பூட்டி, எஞ்சின் தண்ணிய இதுக்குள்ளயும் ஓட வுடுங்க. சூடு எறங்கும்."

குழாய் அளவு பொருந்தவில்லை. வேறொரு காரின் இணைப்பை வெட்டிச் சேர்த்தேன். இரண்டு முறை ஒழுகியது. மூன்றாவது முறை ஒழுகல் நின்றது.

அடுத்த ஏற்றத்தில் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டவேயில்லை. அக்கா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கிளம்ப நான் காத்திருந்த சாக்கு போய்விட்டது.

வேனை ஓட்ட வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டாவது போகலாம் என்று மனைவியின் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒட்டுப்போட்ட குழாய்களைப் பார்த்துவிட்டு, "இத நீங்க மட்டுந்தான் ஓட்டலாம் மச்சான். நடு ரோட்டுல கழண்டா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான்.

கட்டாருக்கு ஆள் அனுப்பும் கொழும்பு ஏஜென்சியிலிருந்து அழைப்பு வந்தபோது இப்போது வர முடியாது என்றேன். அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

இப்போது இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். நான் இன்னும் அதே ஏற்றத்தில்தான் போய் வருகிறேன். அசையாத அந்த முள்ளைப் பார்க்கும்போது சில நாள் என் கைவேலை மேலேயே கோபம் வருகிறது. பின்னாலிருந்து அக்கா கண் விழித்து, "வந்துட்டமா தம்பி?" என்பார்.

"இன்னும் கொஞ்சம் தூரந்தான்க்கா" என்று கியரை மாற்றுவேன்.